உடைஞ்சிடுச்சா, உடைச்சியா? மன்னிப்பு கேக்குறத பத்தி

சமையக்கட்டுல டம்ளர் விழுந்து உடையுற சத்தம் கேக்குது, நீங்க ஹால்ல இருந்து "என்னடா அது"ன்னு கத்துறீங்க, உள்ள இருந்து பையன் என்ன சொல்லுவான்? "கண்ணாடி டம்ளர் உடைஞ்சிடுச்சும்மா." உடைச்சிட்டேன்னு சொல்ல மாட்டான். ஏதோ அந்த டம்ளரே காலைல எந்திரிச்சு இன்னைக்கு உடையலாம்னு முடிவு பண்ணி கீழ குதிச்ச மாதிரி.

ஸ்கூல்ல தன்வினை, பிறவினைன்னு படிச்சோமே ஞாபகம் இருக்கா, பந்து உருண்டது, பந்தை உருட்டினான், அதே கதைதான். உடைஞ்சுதுன்னா யாரு செஞ்சாங்கன்னு சொல்லவே வேண்டாம். உடைச்சேன்னு சொன்னா அந்த கடைசி எழுத்துலயே "நான்" வந்து மாட்டிக்குது. நம்ம மொழில வினைச்சொல்லோட வால்லயே ஆள் ஒட்டிக்கிட்டு இருக்கான், அவன கழட்டி விடுறதுக்கும் நம்ம மொழியே வழி வச்சிருக்கு. மன்னிப்பு கேக்குறதுன்னா என்னன்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் இத்த தான் முதல்ல சொல்லுவேன், உடைஞ்சிடுச்சுல இருந்து உடைச்சிட்டேனுக்கு வர்றது. பாக்க நாலு எழுத்து வித்தியாசம், ஆனா சில பேருக்கு இருபது வருஷம் ஆகுது.

ஏன்னா பெரியவங்க நாமளும் அந்த பையன் மாதிரிதான். சண்டைக்கு அப்புறம் நம்ம வீடுகள்ல என்ன பேசிக்கிறோம்னு கொஞ்சம் காது கொடுத்து கேளுங்க. "வாய் தவறி வந்துடுச்சு." "கோவத்துல ஏதோ ஒரு வார்த்தை விழுந்துடுச்சு." "அப்படி ஆயிப்போச்சு, விடு." வாய் தவறுது, வார்த்தை விழுது, எல்லாம் தானா நடக்குது, செஞ்ச ஆளு மட்டும் அந்த வாக்கியத்துல எங்கயும் இல்ல. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது "தப்பா எடுத்துக்காத"தான். அடிச்சது நான், ஆனா தப்பு நீ எடுத்துக்கிட்ட விதத்துல இருக்குன்னு நைசா உன் பக்கம் தள்ளிவிட்டாச்சு பாருங்க. "நீ அப்படி ஃபீல் பண்ணியிருந்தா சாரி"ன்னு சொல்றதும் இதோட மாடர்ன் தம்பிதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தமிழ்ல வீட்டுக்குள்ள புழங்குறதுக்கு தோதான ஒரு நடுத்தர வார்த்தையே நமக்கு இல்ல. சாரிங்கறது பஸ்ல கால மிதிச்சாலும் சொல்றோம், ராங் நம்பருக்கும் சொல்றோம், அது தேய்ஞ்சு போன செருப்பு. "என்னை மன்னிச்சிடு"ன்னு சொன்னா ஏதோ டிவி சீரியல் கிளைமாக்ஸ் மாதிரி இருக்கும், பொண்டாட்டிகிட்ட போய் அப்படி சொன்னா "என்னங்க, உடம்பு சரியில்லையா"ன்னு கேப்பாங்க. அதனால ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பாதி பேரு ஒண்ணுமே சொல்றதில்ல.

ஆனா வார்த்தை பிரச்சனையே இல்லன்னு தோணுது எனக்கு. ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ராய் லெவிக்கின்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் 2016ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, மொத்தம் 755 பேர்கிட்ட விதவிதமான மன்னிப்பு வாசகங்கள காட்டி எது எடுபடுதுன்னு பாத்தாங்க. ஒரு மன்னிப்புல ஆறு சமாச்சாரம் இருக்கலாம்னு பிரிச்சிருந்தாங்க, வருத்தமா இருக்குன்னு சொல்றது, ஏன் அப்படி ஆச்சுன்னு விளக்குறது, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்குறது, இனிமே செய்ய மாட்டேன்னு சொல்றது, ஆன சேதத்த சரி பண்றேன்னு சொல்றது, கடைசியா "என்னை மன்னிச்சிடு"ன்னு கேக்குறது. ஆறும் இருந்தா நல்லதுதான், ஆனா அதுல ரொம்ப எடுபட்டது எது தெரியுமா, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்குறது. அடுத்தது சரி பண்றேன்னு சொல்றது. லிஸ்ட்ல கடைசில நின்னது, விட்டாலும் பெருசா பாதகமில்லைன்னு வந்தது, அந்த "மன்னிச்சிடு"ங்கற வார்த்தைதான். நாம எத சொல்ல முடியாம தொண்டைல வச்சிக்கிட்டு தவிக்கிறோமோ அதுக்குதான் மார்க் கம்மி.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் காந்தி சின்ன வயசுல எழுதின ஒரு லெட்டர். அவரே தன்னோட வாழ்க்கை கதைல சொல்லியிருக்கார். அப்ப அவருக்கு பதினஞ்சு வயசு, அண்ணனுக்கு ஒரு இருபத்தஞ்சு ரூபா கடன் ஆயிடுச்சு, அண்ணன் கைல கெட்டி தங்கத்துல ஒரு காப்பு இருந்துச்சு, அதுல இருந்து கொஞ்சம் வெட்டி எடுத்து கடன அடைச்சிட்டாங்க. கடன் தீந்துச்சு, ஆனா இவருக்கு தாங்கல. அப்பாகிட்ட சொல்லணும், வாய் வரல. அடிப்பாருன்னு பயம் இல்லையாம், அப்பா மனசு நொந்து போவாரேன்னுதான் பயம். கடைசில ஒரு பேப்பர்ல எழுதி, நடுங்குற கையோட கொண்டு போய் கொடுத்திருக்கார். அப்பா அப்ப பௌத்திர நோயோட வெறும் பலகை மேல படுத்திருந்தார்.

அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு பாருங்க. நான் திருடினேன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கு தகுந்த தண்டனை குடுங்கன்னு கேட்டார். என் தப்புக்காக நீங்க உங்கள வருத்திக்காதீங்கன்னு கேட்டார். இனிமே திருட மாட்டேன்னு உறுதி சொன்னார். அவர் சொல்லியிருக்குற இந்த கணக்குல "என்னை மன்னிச்சிடுங்க"ங்கறது இல்லவே இல்ல! அண்ணன் கடனுக்காகத்தான் பண்ணேன், அண்ணன்தான் காரணம், அந்த ராகமும் இல்ல, சொல்லியிருந்தா பாதி உண்மையாவும் இருந்திருக்கும். அப்பா எந்திரிச்சு உக்காந்து படிச்சார், கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சு பேப்பர் நனைஞ்சுது, கொஞ்ச நேரம் கண்ண மூடினார், அப்புறம் அந்த லெட்டர கிழிச்சிட்டு மறுபடியும் படுத்துட்டார். ஒரு வார்த்தை பேசல. கேட்டவரும் மன்னிப்புன்னு ஒரு சொல் சொல்லல, குடுத்தவரும் சொல்லல, ஆனா ரெண்டு பேருக்கும் தெரியும் அங்க என்ன நடந்துச்சுன்னு. தப்ப ஒத்துக்குறதுன்னா அத கேக்க உரிமை உள்ள ஆள்கிட்ட போய் ஒத்துக்கணும்னு காந்தி பின்னாடி இத பத்தி சொல்றார், இது முக்கியமான பாயிண்ட், ஏன்னா நம்மள்ல பல பேரு பொண்டாட்டிய திட்டிட்டு சாமிகிட்ட கன்னத்துல போட்டுக்குறோம்.

சரி, நம்ம வீடுகளுக்கு வருவோம். அப்பா காலைல கன்னாபின்னான்னு திட்டிட்டு ஆபீஸ் போவார், சாயங்காலம் வரும்போது கைல ஒரு பொட்டலம், உங்களுக்கு பிடிச்ச மிக்சரோ ஜிலேபியோ இருக்கும், உங்க பக்கம் பாக்காம டேபிள் மேல வச்சிட்டு "அவன சாப்பிட சொல்லு"ன்னு அம்மாகிட்ட சொல்லுவார். அம்மாவா இருந்தா கூடுதலா ஒரு கரண்டி நெய். ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருந்த புருஷன் "காபி இருக்கா"ன்னு கேட்டா அது சமாதான பேச்சுவார்த்தை ஆரம்பம். இத நான் கிண்டல் பண்ணல, உண்மையாவே அது ஒரு அழகான விஷயம், லெவிக்கி கணக்குப்படி பாத்தா ரெண்டாவது இடத்துல இருந்த அந்த சரி பண்ற வேலைய நாம நல்லாவே செய்யுறோம். முதல் இடத்துல இருக்கறதத்தான் மொத்தமா தாண்டி போயிடுறோம். ஜிலேபி வந்துச்சு, ஆனா "காலைல நான் உன்ன அப்படி பேசினது தப்பு"ன்னு வரல. அதனால என்ன ஆகுதுன்னா சண்டை அடங்குது, கணக்கு முடியல. அடுத்த சண்டைல "2014ல எங்கண்ணன் கல்யாணத்துல நீங்க என்ன பண்ணீங்க"ன்னு அது அப்படியே ஃப்ரெஷ்ஷா எந்திரிச்சு வருது, புருஷங்க எல்லாம் இவளுக்கு எப்படி இவ்ளோ ஞாபகம் இருக்குன்னு ஆச்சரியப்படுறாங்க. யாரும் ஒத்துக்காத தப்புதான் அவ்ளோ ஞாபகம் இருக்கும்.

இப்ப என் கதை. எனக்கு ஒரு தங்கச்சி, அவ வளைகாப்புல, அவ மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் உக்காந்திருக்கும்போது, நான் சபைய கலகலப்பாக்குறேன்னு அவ இன்ஜினியரிங்ல எம் த்ரீங்கற கணக்கு பேப்பர்ல அரியர் வச்ச கதைய எடுத்து விட்டேன். கொஞ்சம் ஏத்தியும் சொன்னேன், ஒரு பேப்பர நாலா ஆக்கி. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா, அதனால ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். அடுத்த வாரம் போன் பண்ணா "ம்", "சரி", "வைக்கவா". அம்மாதான் சொன்னாங்க அவ வருத்தத்துல இருக்கான்னு. உடனே வாட்ஸ்அப்ல "ஏய் சாரி, சும்மா ஜாலிக்கு சொன்னது, மனசுல வச்சுக்காத"ன்னு ஒரு கும்பிடு எமோஜியோட அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. எனக்கு கோவம் வந்துச்சு பாருங்க, அதான் கொடுமை, சாரி கேட்டாச்சுல்ல, இன்னும் என்ன வேணும் இவளுக்குன்னு.

எட்டு மாசம் கழிச்சு, குழந்தை பொறந்து ஆறு மாசம் ஆனப்புறம், அவ வீட்டுக்கு போனப்ப நேர்லயே கேட்டேன், "உனக்கு என்ன ஆச்சு, சொல்லு, நான் குறுக்க பேச மாட்டேன்". அவ குழந்தை துணிய மடிச்சிக்கிட்டே சொன்னா. அந்த வீட்ல அன்னைல இருந்து அவ பேரு அரியராம். குழம்புல உப்பு போட மறந்தா "அரியர் வச்சிட்டா", மாப்பிள்ளையோட சித்தப்பா வந்தா "என்னம்மா அரியர் கிளியர் ஆச்சா". அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னா, "அந்த செமஸ்டர் அப்பா ஆஸ்பத்திரில இருந்தார்ணா, நீ பெங்களூர்ல இருந்த, ராத்திரி கூட இருந்தது நான்தான். அது உனக்கு ஞாபகம் வரவே இல்லல்ல." எனக்கு உண்மையாவே ஞாபகம் வரல. அந்த வாட்ஸ்அப் சாரி எதுக்குன்னே தெரியாம கேட்ட சாரி, நான் செஞ்சது என்னன்னே எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு, சிந்தியா ஃப்ரான்ட்ஸ், கோர்ட்னி பெனிக்சன்னு ரெண்டு பேரு 2005ல பண்ணது. உடனே கேக்குற மன்னிப்ப விட கொஞ்சம் தள்ளி கேக்குற மன்னிப்பு நல்லா வேலை செய்யுதுன்னு பாத்தாங்க, காரணம் என்னன்னா அதுக்குள்ள பாதிக்கப்பட்டவங்க தன் பக்கத்த சொல்லி முடிச்சிருப்பாங்க, எதிராளிக்கு புரிஞ்சிருக்குன்னு அவங்களுக்கே ஒரு நம்பிக்கை வந்திருக்கும். அதுக்காக என்ன மாதிரி எட்டு மாசம் எல்லாம் இழுக்காதீங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தா போதும், இதுல நடுவுல "ஆனா நான் அந்த அர்த்தத்துல சொல்லல"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா எல்லாம் போச்சு. ஆனாங்கற சொல் வந்த உடனே அதுக்கு முன்னாடி சொன்னது எல்லாம் அழிஞ்சிடும். விளக்கம் கேட்டா குடுங்க, கேக்காம குடுத்தா அது வக்கீல் வேலை.

ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்குன்னா, மன்னிப்பு கேக்க மாட்டேன்னு நிக்கிறதுல ஒரு சுகம் இருக்கு. இத நான் சொல்லல, டைலர் ஒகிமோட்டோவும் அவர் குழுவும் 2013ல வெளியிட்ட ஆராய்ச்சில, மறுத்து நின்னவங்களுக்கு தன்மேலயே மதிப்பும் ஒரு பவர் இருக்குற உணர்வும் கூடினதா பாத்தாங்க. அப்ப வீட்ல பெரிய மனுஷங்க ஏன் இறங்கி வர மாட்டேங்கறாங்கன்னு புரியுதா. அப்புறம் ஆம்பளைங்க சாரியே கேக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அத கரீனா ஷூமான், மைக்கேல் ராஸ்னு ரெண்டு பேரு 2010ல ஆளுங்கள டைரி எழுத வச்சு பாத்தாங்க. பொண்ணுங்க அதிகமா மன்னிப்பு கேட்டது உண்மைதான், ஆனா தப்புன்னு தனக்கே பட்ட விஷயங்கள்ல எத்தனைக்கு கேட்டாங்கன்னு விகிதம் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஆம்பளைங்களுக்கு அது தப்புன்னே படலங்கறதுதான் விஷயம். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

கேக்குறது ஒரு பக்கம், மன்னிக்கிறது வேற பக்கம், இதுல தான் நம்ம ஆளுங்க நிறைய குழப்பிக்கிறாங்க. முதல் குழப்பம், கேட்டா உடனே குடுக்கணும்னு நினைக்கிறது. "அதான் காலுல விழுந்து கேக்குறானே, இன்னும் என்னம்மா உனக்கு"ன்னு சொந்தக்காரங்க கூடி நின்னு நெருக்குவாங்க. மன்னிப்பு கடன் பாக்கி இல்ல, கேட்டு வசூல் பண்ண முடியாது, உங்க வேலை கேக்குறதோட சரி.

ரெண்டாவது, மன்னிச்சா மறந்துடணும்னு நினைக்கிறது. வள்ளுவரே பொறையுடைமைல "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று"ன்னு பொறுக்கறது ஒண்ணு, மறக்கறது இன்னொண்ணுன்னு தனித்தனியாதான் வச்சிருக்கார். மறக்கறது இன்னும் நல்லதுன்னு சொல்றார், சரிதான், ஆனா முதல் படியும் படிதான், அதுல நின்னுட்டவங்கள ஃபெயில்னு சொல்ல முடியாது. எவரெட் வொர்திங்டன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், மன்னிப்ப பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர், 1996 புத்தாண்டு சமயத்துல அவரோட அம்மாவையே வீடு புகுந்த ஒருத்தன் கொன்னுட்டான், படிச்சதெல்லாம் தன் தலைல வந்து விழுந்த மனுஷன். அவர் மன்னிக்கிறதுல ரெண்டு வகை சொல்றார், நான் இவன பழிவாங்க போறதில்லைன்னு முடிவு எடுக்கறது ஒண்ணு, உள்ள இருக்குற கசப்பு கரையறது இன்னொண்ணு. முடிவு ஒரு நாள்ல எடுக்கலாம், கசப்பு அது இஷ்டத்துக்குதான் போகும். "நான்தான் மன்னிச்சிட்டேனே, அப்புறம் ஏன் அவர பாத்தா இன்னும் வயிறு எரியுது"ன்னு நினைக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

கரையறது உடம்புக்கும் நல்லதுன்னு தெரியுது. 2001ல ஹோப் காலேஜ்ல ஷார்லட் விட்வ்லியட்னு ஒருத்தங்க மாணவர்கள்கிட்ட, உங்கள காயப்படுத்தின ஆள நினைச்சு ஒரு தடவ வன்மத்தோட யோசிங்க, ஒரு தடவ மன்னிக்கிற மாதிரி யோசிங்கன்னு சொல்லி பாத்தாங்க, வன்மம் வச்சு யோசிக்கும்போது இதயத்துடிப்பும் பிரஷரும் கூடுச்சு. சும்மா நினைச்சதுக்கே அப்படி. எதிராளி அங்க நிம்மதியா குறட்டை விட்டுக்கிட்டு இருப்பான், நமக்குதான் இங்க பிரஷர்.

மூணாவது குழப்பம்தான் ஆபத்தானது, மன்னிச்சா திரும்ப சேர்ந்துடணும்னு நினைக்கிறது. சின்ன வயசுல காய் விட்டோம்னா அடுத்து பழம் விட்டு உடனே ஒண்ணா விளையாட போயிடுவோம்ல, அந்த மாதிரி. பெரியவங்க உறவுல மன்னிக்கிறதும் பழம் விடுறதும் ஒண்ணு இல்ல. ஒருத்தர மனசார மன்னிச்சிட்டு அவருக்கு மறுபடி பணம் கடன் குடுக்காம இருக்கலாம், தள்ளியே நிக்கலாம், அதுல ஒரு முரணும் இல்ல. லாரா லுச்சிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் 2010ல கல்யாணமானவங்கள வச்சு பாத்ததுல, எதிராளி எதையும் சரி பண்ணாம இருக்கும்போது மன்னிச்சிக்கிட்டே போறவங்களோட சுயமரியாதை தேய்ஞ்சுக்கிட்டே போச்சு, கால்மிதி மாதிரி ஆயிடுறாங்கன்னு அதுக்கு பேரே வச்சாங்க. எதிராளி திருந்தி சரி பண்றவரா இருந்தா அப்படி ஆகல. ஆக மன்னிக்கிறது நல்லதா கெட்டதாங்கறது மன்னிக்கிறவர் கைல மட்டும் இல்ல. அடிக்கிற புருஷன், குடிச்சிட்டு வந்து காலைல அழுது மன்னிப்பு கேட்டு ராத்திரி மறுபடி அடிக்கிறவன், அவன் விஷயத்துல "பொறுத்து போம்மா, ஆம்பள அப்படித்தான்"னு சொல்ற பெரியவங்கள நான் பெரியவங்களாவே மதிக்க மாட்டேன். அங்க தேவைப்படுறது பெண்கள் உதவிக்கு இருக்குற 181 நம்பர்தான், குறள் இல்ல.

சரி, தங்கச்சி கதைய முடிக்கணும். அன்னைக்கு அவ வீட்ல நான் சொன்னது இவ்ளோதான், "உன் மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி நான் உன்ன கேலிப்பொருளாக்கினேன், இல்லாததையும் சேத்து சொன்னேன், நீ ஆஸ்பத்திரில இருந்தத மறந்தேன். அந்த பேர நான்தான் வச்சேன், நானே எடுக்குறேன்." அவ பரவாயில்லைன்னு சொல்லல. "எட்டு மாசம் ஆச்சு உனக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

குழந்தைக்கு பதினோரு மாசத்துல குலதெய்வ கோயில்ல மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடி வேணுமே, போன் வந்துச்சு, "வந்துடுணா, லேட் பண்ணாத". மன்னிச்சிட்டு கூப்பிட்டாளா, முறைக்கு கூப்பிட்டாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கோயில்ல சாப்பாட்டு பந்தில அந்த சித்தப்பா வழக்கம் போல "என்னம்மா அரியர், பையனாவது பாஸ் பண்ணுவானா"ன்னு ஆரம்பிச்சார். கைல சோறோட சொன்னேன், "அது நான் ஏத்திவிட்ட கதை மாமா, அவளுக்கு ஒரே ஒரு பேப்பர்தான் போச்சு, அதுவும் அப்பா படுத்துக்கிட்டப்ப நான் ஊர்ல இல்ல, இவதான் ராத்திரி பகல்னு பாத்துக்கிட்டா, அடுத்த செமஸ்டர்லயே எழுதி பாஸும் பண்ணிட்டா. நான்தான் அத விட்டுட்டு சொல்லிட்டேன்." பந்தில ஒரு நிமிஷம் ரசம் ஊத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் அவர் "அப்படியா, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு"ன்னு கேட்டார். தங்கச்சி எதிர் வரிசைல உக்காந்து இலைய பாத்துக்கிட்டே சாப்பிட்டா.

அதுக்கு முன்னாடியே காது குத்தும்போது பய என் மடில கத்தி ஊர கூட்டி, பட்டு வேட்டிய நல்லா நனைச்சு வச்சிருந்தான். பந்தி முடிஞ்சு கை கழுவிட்டு வர்றேன், அவ அவன இடுப்புல வச்சிக்கிட்டு வந்து ஒரு பைய நீட்டுறா. "மாப்பிள்ளை வேட்டி இருக்கு, மாத்திக்கோ. நாறுது."